பள்ளியில் தரவுத்தளம் கற்றுக்கொடுக்க எதை எடுப்பது? அட்டை, எக்செல், அக்சஸ், எஸ்கியூலைட்: ஓர் ஒப்பீடு

12 வகுப்புகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். மாணவர்களுக்கு வயது 13, 14. இதற்குள் அவர்கள் ஒரு சிறிய தரவுத்தளத்தைத் தாங்களே வடிவமைத்து, தகவலை நிரப்பி, அதனிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கப் பழக வேண்டும். எந்தக் கருவியை எடுப்பது? காகித அட்டையில் தொடங்கி, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள சர்வர் வரைக்கும் வழிகள் உண்டு.

எது எளிது, எது பிற்பாடு வேலைக்கு உதவும் என்ற இரண்டு கேள்விகள்தான் இந்த இடத்தில் வழக்கமாக முன்னால் நிற்கும். நான் அவற்றைவிட முக்கியமாக நினைப்பது வேறொன்று. மாணவர் வடிவமைப்பில் தப்பு செய்தால், அது தப்பு என்று அவருக்கே தெரிய வருமா? ஆசிரியர் சுட்டிக்காட்டித் தெரிவது வேறு, தானே முட்டிக்கொண்டு தெரிவது வேறு. இரண்டாவது வகைதான் மனதில் தங்குகிறது. அதனால் ஒவ்வொரு கருவியையும் இந்த ஒரு அளவுகோலால்தான் முதலில் அளக்கிறேன்.

எடுத்துக்காட்டாக நூலகத்தை வைத்துக்கொள்வோம். உறுப்பினர்கள், நூல்கள், இரவல். பிள்ளைகளிடம் விட்டால் பத்துக்கு ஒன்பது பேர் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் எழுதுவார்கள்: உறுப்பினர் பெயர், தொலைபேசி எண், நூலின் தலைப்பு, ஆசிரியர், எடுத்த தேதி, திருப்பிய தேதி. பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் ஒருவர் 14 நூல்கள் எடுத்திருந்தால் அவருடைய எண் 14 இடத்தில் நிற்கும். எண் மாறும்போது 13 இடத்தில் திருத்திவிட்டு ஒன்றை விட்டால், எது சரியான எண் என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. கவிதா என்று இரண்டு பேர் இருந்தால் யார் எடுத்த நூல் எது என்பதும் போச்சு. 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் முன்வைத்த, தகவலைத் தொடர்புள்ள அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறை மாதிரியும், அதைத் தொடர்ந்து அவர் வகுத்த ஒழுங்குபடுத்தும் விதிகளும் இந்தக் குழப்பத்தைத்தான் தீர்க்கின்றன. ஒரு செய்தி ஒரே இடத்தில் இருக்கட்டும், ஒவ்வொரு வரிசைக்கும் தனி அடையாளம் இருக்கட்டும். பள்ளி மாணவருக்கு இந்த இரண்டும் உறைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

காகித அட்டை

முதல் வகுப்பில் கணினியைத் திறக்கவே வேண்டாம் என்பேன். கணினி பரவலாவதற்கு முன்பு அலுவலகங்களிலும் ஆய்வகங்களிலும் விளிம்பில் துளையிட்ட அட்டைகள் இருந்தன. அவற்றை வகுப்பில் அப்படியே செய்துவிடலாம். ஒரே அளவில் 30 அட்டைகளை வெட்டி, எல்லாவற்றிலும் மேல் விளிம்பை ஒட்டி ஒரே இடங்களில் துளை போட வேண்டும். ஒவ்வொரு துளையும் ஒரு ஆம்-இல்லை கேள்வி: கதை நூலா? படம் உண்டா? 100 பக்கத்துக்கு மேலா? பதில் ஆம் என்றால் அந்தத் துளையிலிருந்து விளிம்பு வரை வெட்டித் திறந்துவிட வேண்டும். அட்டைகளை அடுக்கி, ஒரு துளைக்குள் பின்னல் ஊசியைச் செருகித் தூக்கினால், 'ஆம்' அட்டைகள் கீழே விழும், மற்றவை ஊசியிலேயே தொங்கும்.

விழுந்தவற்றை மட்டும் எடுத்து இன்னொரு துளையில் ஊசி போட்டால் அது 'அண்ட்', அதாவது இரண்டும் ஆம். முதல் துளையில் விழுந்தவற்றை ஓரமாக வைத்துவிட்டு, தொங்கியவற்றுக்கு மட்டும் இரண்டாவது துளையில் ஊசி போட்டு, விழுந்தவற்றை அவற்றோடு சேர்த்தால் 'ஆர்', அதாவது ஏதாவது ஒன்று ஆம். ஊசியில் நின்றவை 'நாட்', அதாவது இல்லை. இதைச் சொல்லி விளக்கவே வேண்டியதில்லை, அட்டை விழும் சத்தமே விளக்கிவிடும். தப்பும் உடனே தெரியும். துளையை மாற்றி வெட்டிய அட்டை விழக்கூடாத நேரத்தில் விழுந்துவிடும், 'இது ஏன் வந்தது?' என்று பக்கத்தில் இருப்பவரே கேட்பார்.

இரண்டாவது வகுப்பில் வேறு அட்டைகள். உறுப்பினர் அட்டை ஒரு நிறம், நூல் அட்டை இன்னொரு நிறம், இரவல் அட்டை மூன்றாவது நிறம். இரவல் அட்டையில் பெயரோ தலைப்போ இருக்காது; உறுப்பினர் எண், நூல் எண், தேதி மட்டும்தான். 'இந்த நூல் யாரிடம் இருக்கிறது?' என்று கேட்டால் மூன்று அடுக்கிலும் தேடி எடுத்து, மேசையில் பக்கம் பக்கமாக வைக்க வேண்டும். பின்னால் 'ஜாயின்' என்று கணினியில் எழுதப்போவது இதைத்தான். கையால் ஒருமுறை செய்தவருக்கு அந்தச் சொல் வெறும் கட்டளையாக இருக்காது.

அட்டையின் எல்லையும் தெளிவானது. 30 வரை சரி, 300 என்றால் கை வலிக்கும். அந்த வலியும் பாடத்துக்கு நல்லதுதான்.

எக்செல் போன்ற விரிதாள்

பலரும் இங்கேயே தொடங்கி இங்கேயே நின்றுவிடுகிறார்கள். காரணம் புரிகிறது. எக்செல் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது, மாணவருக்கும் பழக்கம், ஐந்து நிமிடத்தில் அட்டவணை தயார், வடிகட்டினால் பதிலும் வந்துவிடுகிறது. எளிமை என்று பார்த்தால் இதற்கு இணையே இல்லை.

நான் சொன்ன அளவுகோலில்தான் இது தோற்கிறது. விரிதாள், தானாக எதையும் மறுக்காது. தேதி இருக்க வேண்டிய கட்டத்தில் 'நேற்று' என்று எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். ஒரே எண்ணை இரண்டு உறுப்பினருக்குக் கொடுத்தாலும் பேசாமல் இருக்கும். கட்டுப்பாடு போட வசதி இருக்கிறது, ஆனால் நாமாகத் தேடிப் போட்டால்தான் உண்டு. இன்னொரு பக்கம், நாம் கேட்காததைத் தானாகச் செய்யும். சுழியத்தில் தொடங்கும் தொலைபேசி எண்ணில் அந்தச் சுழியம் காணாமல் போகும். 3-4 என்று எழுதினால் தேதியாகிவிடும். இது சின்னப் பிள்ளைகளின் சிக்கல் மட்டுமில்லை. மனித மரபணுக்களில் சிலவற்றின் குறியீடுகள் மார்ச், செப்டம்பர் மாதங்களின் சுருக்கம்போல இருந்ததால் எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே அவற்றின் குறியீடுகளை மாற்றிக்கொண்டது. அதே 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் ஏறாமல் போயின. தகவல், 65,536 வரிசைகளுக்குமேல் தாங்காத பழைய எக்செல் கோப்பு வடிவத்துக்குள் போனதுதான் காரணம். மீதி வரிசைகள் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டன. இந்த இரண்டு கதைகளையும் வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள், பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள்.

எனவே விரிதாளுக்கு ஒரே ஒரு வகுப்பு ஒதுக்குவேன், உடைத்துப் பார்ப்பதற்காக. ஒரே அட்டவணையில் எழுதிய நூலகத்தைக் கொடுத்து மூன்று வேலைகள் சொல்ல வேண்டும். ஒருவருடைய தொலைபேசி எண்ணை மாற்று. இன்னும் யாருமே எடுக்காத புது நூலைச் சேர். ஒரு நூலுக்கு இருக்கும் ஒரே இரவல் பதிவை நீக்கு. முதல் வேலையில் பல இடத்தில் திருத்த வேண்டியிருக்கும். இரண்டாவதில் உறுப்பினர் பெயருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் விழிப்பார்கள். மூன்றாவதில் இரவலோடு சேர்ந்து நூலே மறைந்துவிடும். 'அட்டவணையைப் பிரிக்கணும்' என்று அவர்களில் யாராவது ஒருவர் சொல்லும்வரை காத்திருக்கலாம். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். இரண்டாம் நாள் அட்டை விளையாட்டு அப்போது ஞாபகத்துக்கு வரும்.

அக்சஸும் லிப்ரே ஆஃபீஸ் பேஸும்

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸ் 1992-இல் வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது உறவுகளைக் காட்டும் சாளரம். உறுப்பினர் அட்டவணையிலிருந்து இரவல் அட்டவணைக்குச் சுட்டியால் ஒரு கோடு இழுத்து, அட்டவணைகளின் தொடர்பு அறுந்துவிடாமல் காக்கும் ஒருமைப்பாட்டை வலியுறுத்தும் பெட்டியில் டிக் செய்தால், ஒரு முனையில் 1, மறுமுனையில் முடிவிலிக் குறி தோன்றும். ஒருவர் பல நூல்கள் எடுக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அப்புறம் நூல் திருப்பாத உறுப்பினரை நீக்கப் பார்த்தால் அக்சஸ் மறுத்துவிடும். என் அளவுகோலில் இது நல்ல மதிப்பெண்.

வினவலையும், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியையும், கட்டங்களில் நிரப்பியே உருவாக்கலாம். எந்தப் புலம், என்ன நிபந்தனை, எந்த வரிசையில். இப்படி மாதிரியை நிரப்பிக் கேள்வி கேட்கும் யோசனையை 1970-களில் ஐபிஎம்-இல் மோஷே ஸ்லூஃப் உருவாக்கினார். கட்டத்தில் செய்த வினவலை ஒரு சொடுக்கில் எஸ்கியூஎல் என்ற வினவல் மொழியின் வடிவத்துக்கு மாற்றிப் பார்க்கும் வசதியும் அக்சஸில் உண்டு. அதைப் பயன்படுத்தாமல் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் பாதிப் பயன் வீண்.

என் தயக்கம் வேறு இடத்தில். அக்சஸில் படிவம், அறிக்கை, வழிகாட்டிச் சாளரம் என்று எல்லாம் கண்ணைக் கவரும். 'அடுத்து, அடுத்து, முடி' என்று அழுத்தினால் ஏதோ ஒன்று உருவாகிவிடும். மூன்று வகுப்புகள் படிவத்துக்கு வண்ணம் போடுவதிலேயே போய்விடும், அட்டவணை ஏன் அப்படிப் பிரிந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. அக்சஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்பதால் வீட்டில் வேறு கணினி வைத்திருப்பவர் வெளியே நின்றுவிடுவார். அதே வேலையைச் செய்யும் பேஸ் இலவசம், லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். அதன் சில வசதிகளுக்கு ஜாவா தேவைப்படுவதால் ஆய்வகத்தில் எல்லாக் கணினியையும் முன்கூட்டியே சோதித்துவிடுவது நல்லது.

எஸ்கியூலைட்

என் தேர்வு இதுதான், டிபி பிரௌசர் என்ற இலவசக் கருவியோடு சேர்த்து. ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் யாருடைய உரிமைக்கும் உட்படாத பொதுச் சொத்து. சர்வர் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு, பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மாணவர் கையில் இருக்கும் செல்பேசிக்குள்ளும் இதே எஸ்கியூலைட் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று சொன்னால், ஏதோ பாடத்துக்காகச் செய்த பொம்மை இல்லை என்று அவர்களுக்குப் புரியும்.

இதில் அட்டவணை உருவாக்குவதற்கும் வினவலுக்கும் எஸ்கியூஎல் மொழியையே எழுதுகிறோம். அங்கேதான் ஒரு தடங்கல் வரும், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த மொழியை 1974-இல் ஐபிஎம்-இல் டான் சேம்பர்லினும் ரே பாய்ஸும் வெளியிட்டபோது அதற்கு சீக்வெல் என்று பெயர். ஆங்கில வாக்கியம்போலவே படிக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதனால் வினைச்சொல்லான 'செலக்ட்' முதலில் நிற்கிறது: 'செலக்ட் தலைப்பு ஃப்ரம் நூல்கள் வேர் ஆண்டு > 2000'. ஆனால் அதன் பொருளைப் பிரித்துப் பார்க்கும் முறை வேறு. முதலில் ஃப்ரம், எந்த அட்டவணை. அடுத்து வேர், எந்த வரிசைகள். அதற்குப் பிறகுதான் செலக்ட், எந்த நெடுவரிசை.

இப்போது இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நூல்கள் அட்டவணையிலிருந்து, ஆண்டு 2000-க்குப் பிந்தைய வரிசைகளின், தலைப்பை எடு.' தரவுத்தளம் யோசிக்கும் வரிசை அப்படியே நம் வாக்கியத்தின் வரிசை! வினை கடைசியில் வரும் மொழி நம்முடையது, அது இங்கே கைகொடுக்கிறது. எனவே மாணவர் ஒவ்வொரு வினவலையும் முதலில் ஒரு தமிழ் வாக்கியமாக நோட்டில் எழுதட்டும், பிறகு கடைசித் துண்டை முன்னால் கொண்டுவந்து எஸ்கியூஎல் ஆக்கட்டும். வாக்கியம் தெளிவாக இல்லையென்றால் வினவலும் சரியாக வராது. சிக்கல் கணினியிலா கேள்வியிலா என்று பிரித்தறியவும் இது உதவும்.

கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் எஸ்கியூலைட்டில் அட்டவணைக்கும் நெடுவரிசைக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், தாராளமாக ஏற்றுக்கொள்ளும். இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. 'ஆர்டர் பை' போட்டுத் தமிழ்ச் சொற்களை வரிசைப்படுத்தினால் 'பனை' முன்னாலும் 'பழம்' பின்னாலும் வரும். நம் அகரவரிசையில் ழகரம் முந்தி, னகரம் கடைசி. எஸ்கியூலைட்டோ கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் கொடுத்திருக்கும் யூனிகோட் எண்ணைப் பார்க்கிறது, அந்த எண்ணில் 'ன' எழுத்து 'ந' எழுத்தை அடுத்தே வந்துவிடுகிறது. 'வரிசை' என்பதும் யாரோ எடுத்த முடிவு என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

தப்பு கண்ணில் படுமா? பெரும்பாலும் படும். வரிசையின் தனி அடையாளமான முதன்மைத் திறவுகோலில் ஒரே மதிப்பை இரண்டு முறை கொடுத்தால் பிழைச் செய்தி வரும். 30 உறுப்பினர்களையும் 200 இரவல்களையும் இணைக்கும்போது எதை எதோடு பொருத்துவது என்று சொல்லும் 'ஆன்' நிபந்தனையை மறந்தால் திரையில் 6,000 வரிசைகள் கொட்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நூலையும் எடுத்ததுபோல இருக்கும் அந்தப் பட்டியலைப் பார்த்த மாணவர் 'ஆன்' போட மறக்க மாட்டார். 'டெலீட்' கட்டளையில் 'வேர்' இல்லாமல் ஓட்டினால் அட்டவணையே காலியாகும். இதை வேண்டுமென்றே ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். டிபி பிரௌசரில் மாற்றங்களை எழுதும் பொத்தானை அழுத்தும்வரை எதுவும் நிலையாகாது, திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினால் எல்லாம் வந்துவிடும். பயமில்லாமல் பயப்படக் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்று, இன்னும் திருப்பாத நூல்கள். திருப்பிய தேதி வெறுமையாக இருக்கும், அதாவது 'நல்'. மாணவர் '= நல்' என்று எழுதுவார், ஒன்றுகூட வராது. தெரியாத ஒன்று இன்னொரு தெரியாததற்குச் சமமா என்று கேட்டால் பதிலும் 'தெரியாது' என்பதுதான். 'இஸ் நல்' என்று எழுத வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்கு 20 நிமிடம் கொடுத்தாலும் தகும்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. எண் வகை என்று அறிவித்த நெடுவரிசையில் 'இரண்டாயிரம்' என்று எழுத்தில் போட்டாலும் எஸ்கியூலைட் வாங்கிக்கொள்ளும். விரிதாளைக் குறை சொன்ன அதே வாயால் இதையும் சொல்லத்தான் வேண்டும். 2021-இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து, அட்டவணையை உருவாக்கும்போது 'ஸ்ட்ரிக்ட்' என்று சேர்த்தால் மறுக்கும். தேதிக்குத் தனி வகையே இல்லை, ஆண்டு-மாதம்-நாள் என்ற முறையில் எழுத்தாகச் சேமித்தால் வரிசை சரியாக வரும். அயல் திறவுகோல் சோதனை, அதாவது இரவலில் எழுதிய உறுப்பினர் எண் உறுப்பினர் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்ப்பது, எஸ்கியூலைட்டில் இயல்பாக அணைந்திருக்கும். நீங்கள் பயன்படுத்தும் கருவி அதை இயக்கி வைத்திருக்கிறதா என்று வகுப்புக்கு முன்பே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் இல்லாத உறுப்பினர் நூல் எடுத்துப் போவார், யாரும் தடுக்க மாட்டார்கள்.

மற்ற வழிகள்

மைஎஸ்கியூஎல், மரியாடிபி போன்ற சர்வர்கள் 16 வயதுக்கு மேல், வலைத்தளம் கட்டும் மாணவருக்கு நல்லவை. பல பயனர்கள், அனுமதிகள் என்று அங்கே கற்க நிறைய உண்டு. 12 வகுப்புகளில் இரண்டை நிறுவுவதற்கும் கடவுச்சொல் மறந்ததற்கும் இழக்க நேரிடும் என்பதால் இந்த வயதுக்கு எடுக்க மாட்டேன். பைத்தான் ஏற்கெனவே தெரிந்த வகுப்பு என்றால், 2006-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து எஸ்கியூலைட் அதனோடு சேர்ந்தே வருகிறது. தெரியாத வகுப்பில் இரண்டு மொழியை ஒன்றாகத் திணிக்க வேண்டாம்.

உலாவியில் ஓடும் எஸ்கியூஎல் பயிற்சிப் பக்கங்களைப் பற்றியும் கேட்பார்கள். வீட்டுப் பயிற்சிக்கு அருமை. ஆனால் பெரும்பாலானவற்றில் தரவுத்தளம் தயாராகவே இருக்கும், மாணவர் கேள்வி மட்டும் கேட்பார். வடிவமைக்காதவருக்கு வடிவமைப்பின் தப்பும் தெரியாது. அவற்றை மட்டும் வைத்துப் பாடத்தை முடித்துவிடாதீர்கள்.

சரி, எப்படிப் பிரிப்பது?

என் கணக்கு இது. 2 வகுப்புகள் அட்டை, 1 வகுப்பு விரிதாளை உடைக்க, 1 வகுப்பு தாளில் அட்டவணைகளைப் பிரித்து வரைய, 8 வகுப்புகள் எஸ்கியூலைட். பாடத்திட்டமே அக்சஸ் அல்லது பேஸ் என்று சொன்னால் அந்த 8-இல் அதைப் போடுங்கள், ஆனால் படிவமும் அறிக்கையும் கடைசி வகுப்பு வரை திறக்கப்படாமல் இருக்கட்டும், ஒவ்வொரு வினவலையும் எஸ்கியூஎல் பார்வையில் ஒருமுறை படித்துக் காட்டட்டும். கணினி ஐந்தாறு பேருக்கு ஒன்றுதான் என்றால் அட்டைக்கு 4 வகுப்புகள் கொடுத்தாலும் நட்டமில்லை. ஆறு பேர் ஒரு விசைப்பலகையைச் சுற்றி நிற்பதைவிட ஆறு பேரும் அட்டை வெட்டுவது மேல்.

தகவலுக்கு மாணவரின் உண்மையான எண், முகவரி, மதிப்பெண் எதையும் எடுக்காதீர்கள். அந்த ஒரே கோப்பு எத்தனை பென் டிரைவில் போகும் என்று நமக்குத் தெரியாது. நூல்கள், பறவைகள், கோள்கள், விளையாட்டு முடிவுகள் போதும். ஆளின் விவரம் வேண்டுமென்றால் கற்பனையாக எழுதட்டும். வயதை எழுதாமல் பிறந்த தேதியை எழுத வேண்டும் என்பதை மட்டும் அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். 'அடுத்த வருஷம் இந்த அட்டவணை சரியா இருக்குமா?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

கடைசி இரண்டு வகுப்புகளில் குழுக்கள் கோப்புகளை மாற்றிக்கொள்ளட்டும். ஒரு குழு கட்டிய தரவுத்தளத்திடம் இன்னொரு குழு ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். முதலில் தமிழ் வாக்கியம், பிறகு வினவல். சில கேள்விகளுக்குப் பதில் வராது. எந்த அட்டவணையில் எந்த நெடுவரிசை இல்லாததால் வரவில்லை, எதைப் பிரிக்காமல் விட்டதால் வரவில்லை என்று ஒரு தாளில் எழுதி, கட்டிய குழுவிடமே திருப்பித் தர வேண்டும். அவர்கள் அதைப் படித்துத் தங்கள் அட்டவணையைத் திருத்த வேண்டும். மதிப்பெண்ணை நான் அந்தத் தாளுக்கும் அந்தத் திருத்தத்துக்கும்தான் போடுவேன்.